பெயர் மாற்றிக் கொடுத்த நான்கு நிமிடங்கள்

என் கணவரிடம் நான் ஒரு பொய் சொன்னேன். ஆறு ஆண்டுகளாகின்றன. இன்றுவரை அதைத் திருத்தவில்லை.

பொய்யைவிட மோசமான ஒன்று உண்டு. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது...

என் கணவர் ரகுநாதன் வங்கி அதிகாரி. சிட்லபாக்கத்தில் வீடு. அவருக்குத் தெய்வம் என்று ஒன்று உண்டென்றால், அது கடல் கடந்த ஒரு ராக் இசைக்குழு. நான்கு வெள்ளைக்காரர்கள், உலகப் புகழ். பெயரைச் சொல்லமாட்டேன். உங்கள் வீட்டிலும் அவர்களுக்கு ஒரு பக்தர் இருக்கக்கூடும். எனக்கோ, அந்தப் புகழில் பாதி இசைக்கு, மீதி பெயருக்கு என்றொரு சந்தேகம் எப்போதும் இருந்தது.

நான் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. எங்கள் இசை ஆசிரியர் ஸ்டான்லி சார், பல்லாவரத்துக்காரர். ஞாயிறுகளில் தேவாலயத்தில் கிட்டார் வாசிப்பவர். ஆறு ஆண்டுகளுக்கு முன் பள்ளி ஆண்டு விழாவில் அவர் வாசித்ததைக் கேட்டு நான் நெகிழ்ந்துபோனேன். வீடு திரும்பும்போது வண்டி ஓட்டிக்கொண்டே என் கணவர் சொன்னார்:

"சுமாரா வாசிக்கிறார். ஆனா அதெல்லாம் நம்ம ஊர்ல வராது."

சுமார்! அந்த ஒரு சொல் என்னைக் குத்தியது. என் கைப்பேசியில் ஸ்டான்லி சார் அனுப்பிய ஒலிப்பதிவு ஒன்று இருந்தது. அவரே அமைத்த மெட்டு, வீட்டு மாடியில் அவர் கிட்டாரும் அவர் தம்பி டிரம்ஸும் வாசித்தது. நான்கு நிமிடம், பாட்டில்லாத வெறும் இசை.

மறுநாள் காலை அதைப் போட்டேன். "உங்க ஆளுங்களோட வெளிவராத ரெக்கார்டிங்காம். ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தங்க அனுப்பினாங்க" என்றேன். முடிந்ததும் உண்மையைச் சொல்லி அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் திட்டம். அவ்வளவுதான்... நம்புங்கள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கையிலிருந்த காபி ஆறிப்போனது. இறுதியில், பக்கத்து விமான நிலையத்தில் இறங்கப் பல்லாவரத்து மாடிக்கு மேலே தாழப் பறந்த ஒரு விமானத்தின் இரைச்சல் பதிவாகியிருக்கும். அதைக் கேட்டு அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"அந்த இரைச்சலைக் கேட்டியா? எப்படித்தான் யோசிச்சாங்களோ" என்றார். கண்கள் ஈரமாயிருந்தன.

அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? நீங்கள் சொல்லியிருப்பீர்களா? நான் சொல்லவில்லை. மதியத்துக்குள் அது அவருடைய அலுவலக நண்பர்கள் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன்பின் ஆறு ஆண்டுகள் எங்கள் வீட்டில் ஒரு ஞாயிறுகூட அது ஒலிக்காமல் விடிந்ததில்லை.

சென்ற மாதம் ஸ்டான்லி சார் தம் தம்பியின் திருமணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தார். "நீங்க மியூசிக் சார்தானே, இதைக் கேளுங்க" என்று என் கணவர் அதையே போட்டார். நான் சமையலறை வாசலில் கல்லாய் நின்றேன்.

ஸ்டான்லி சார் முதலில் பேந்தப் பேந்த விழித்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகமே எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். அவர் நிதானமாகத் தொண்டையைச் செருமினார்.

"நடுவுல டிரம்ஸ் கொஞ்சம் லேட்டா வருது சார்."

"சார், இவங்க லெவல்ல லேட்டா வந்தா அது வேணும்னே பண்ணது" என்றார் என் கணவர்.

ஸ்டான்லி சாருக்குக் காபி புரையேறியது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏனென்று தெரியாமல் என் கணவரும் சிரித்தார். அப்படியொரு சிரிப்பை எங்கள் கூடம் அதற்குமுன் கேட்டதில்லை.

வாசல்வரை போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்றே உண்மையைச் சொல்லிவிடுவதாகச் சொன்னேன்.

"வேணாம் மேடம். என் பேர் தெரிஞ்சா நாளைக்கே அவருக்குச் சுமாரா கேக்கும்" என்றார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, அதே சிரிப்போடு சேர்த்துச் சொன்னார்: "அன்னைக்கே யாராவது இப்படிப் பாராட்டியிருந்தா இன்னும் நாலு பண்ணியிருப்பேன்."

அவர் போய்விட்டார். நான் வாசலிலேயே நின்றேன். அந்த ஒலிப்பதிவை அனுப்பிய அன்று அவர் என்னிடம் கருத்துக் கேட்டிருந்தார். "நல்லா இருக்கு சார்" என்று மூன்று சொல் அனுப்பியதோடு சரி. ஆறு ஆண்டுகளாக என் வீட்டில் குவிந்த பாராட்டில் ஒரு துளியையாவது அவரிடம் கொண்டு சேர்த்தேனா?

இப்போது சனிக்கிழமைதோறும் ஸ்டான்லி சார் கிட்டாரோடு வருகிறார். அந்த இசையை ஸ்டான்லி சார் கற்றுக்கொண்டே ஆக வேண்டுமென்று என் கணவர்தான் வற்புறுத்தி வரவழைத்தார். அவர் வாசிக்கிறார், இவர் கண்ணை மூடிக்கொண்டு திருத்துகிறார். இருவர் முகத்திலும் அப்படியோர் ஆனந்தம். புதிதாக ஒரு மெட்டு மனத்தில் ஓடுகிறதென்று போன வாரம் ஸ்டான்லி சார் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "முதல்ல இது வரட்டும்" என்றார் என் கணவர்.

அதே நான்கு நிமிடங்களை ஸ்டான்லி சார் மறுபடி வாசித்து முடித்ததும், என் கணவர் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"கிட்ட வந்துட்டீங்க. ஒரிஜினல்ல ஒரு உயிர் இருக்கும் பாருங்க, அதுதான் இன்னும் வரலை."

"முயற்சி பண்றேன் சார்" என்றார் ஸ்டான்லி சார்.

நான் சமையலறைக்குள் ஓடி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு ஸ்டான்லி சாருக்கென்று ஊற்றி வைத்திருந்த காபியைக் கொண்டுபோய்க் கொடுக்க, வெகுநேரம்வரை எனக்குத் துணிவு வரவில்லை.