கல்குழியில் எரித்த மருந்து

எங்கள் தாலுகா திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் என் கணவர் திருவிழாக்களுக்கு வெடி செய்துவந்தார். ஒரு மழைக்காலத்தில் கொட்டகை ஒழுகி வெடிமருந்து முழுக்க நனைந்து கெட்டது. குளத்தில் கொட்டினால் மாடுகள் குடிக்கும் என்பதால், கைவிட்ட கல்குழியில் எரிக்க முடிவுசெய்து, வெயில் கண்ட ஒரு நாளில் பாதியை உலர்த்தி அங்கே கொண்டுபோனார்.

மருந்தைச் சிறு சிறு பங்காகத் தள்ளித் தள்ளிப் பரப்பி நீளத் திரி வைத்தார். "அணைஞ்சாலும் நான் வாறது வரை யாரும் கிட்ட போவாண்டாம்" என்று சொல்லித் திரிகளைக் கொளுத்திவிட்டு, ஆள் வராமல் பார்க்க வழியோரம் போய் நின்றார்.

உதவிக்குப் போன நானும் கொழுந்தனும் மண்திட்டுக்குப் பின்னால் குனிந்திருந்தோம். மற்ற பங்குகளெல்லாம் சீறி எரிந்தன. கடைசிப் பங்கு மட்டும் கொஞ்சம் புகைந்து அடங்கியது. காக்கைச் சத்தம்கூட இல்லை.

"அணைஞ்சு போச்சு மைனி, பாத்துட்டு வாறேன்" என்று கொழுந்தன் எழுந்தான்.

"இரி மக்கா!" என்று அவன் தோளில் கிடந்த துண்டோடு சேர்த்துப் பிடித்து இழுத்தேன். அவன் என்மேல் சாய்ந்து விழுந்தான். அப்போதுதான் வெடித்தது. கல்லும் மண்ணும் எங்கள் முதுகில் கொட்டின. கட்டி முடித்த வெடிக்குண்டு ஒன்று, உடைத்துக் கொட்டாமல் மருந்துக்குள் அப்படியே கிடந்திருக்கிறது.

கணவர் ஓடிவந்து எங்கள் இருவரையும் தொட்டுப் பார்த்தார்.

அன்று மேற்கொண்டு எரிக்கவில்லை. மீதிப் பாதி மருந்து மழைக்காலம் முடியும்வரை வீட்டுக்குப் பின்னால் கொட்டகையிலேயே கிடந்தது. அத்தனை நாளும் அடுப்பு மூட்டப் பயந்து, அடுத்த வீட்டில்தான் சோறு பொங்கினேன்.