குடல் தட்டப் போன ஞாயிற்றுக்கிழமை

என் கணவருக்கு வயிற்று வலி புதிதல்ல. கல்யாணமான ஆறு வருஷத்தில், என் பிறந்த வீட்டுப் பக்கம் கிளம்பும்போதெல்லாம் அது சொல்லிவைத்தாற்போல் வரும். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று ஒருமுறை டாக்டர் சொன்னதிலிருந்து எனக்கு அது நடிப்புதான். அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் தங்கையின் வளைகாப்பு. காட்டுப்பாக்கம் ஃப்ளாட்டில் நான் பட்டுப்புடவை கட்டி முடித்தபோது, இவர் பாத்ரூமில் சுருண்டு கிடந்தார். சோடா கொடுத்தேன், அப்படியே வாந்தியாக வந்தது. மாமியார் போனில் குடலேற்றம் என்றார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம், விளக்கெண்ணெய் தடவிக் குடல் தட்டினால் சரியாகிவிடுமாம். ஆஸ்பத்திரிக்குப் போனால் நாளே போய்விடும், இது பத்து நிமிஷ வேலை என்று நானும் தலையாட்டினேன். வளைகாப்புக்குப் போய்விடலாம் என்ற நப்பாசை.

பூந்தமல்லியில் குடல் தட்டும் அம்மா ஒருவர் இருப்பதாக வாட்ச்மேன் சொன்னார். மெட்ரோ வேலையால் குறுகிப்போன சாலையில் ஆட்டோ ஊர்ந்தது. இவர் என் மேல் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். புடவையில் வாந்தி எடுத்ததும் எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். அது பச்சையாக இருந்ததைக்கூட நான் பொருட்படுத்தவில்லை.

அந்த அம்மா இவர் வயிற்றில் உள்ளங்கையை வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார். காற்று பிரிந்ததா என்று கேட்டார். நேற்றிலிருந்து இல்லை என்றார் இவர். அந்த அம்மா என் புடவையைப் பார்த்தார்.

“நான் கை வெக்க மாட்டேம்மா. வயிறு கல்லாட்டம் கீது, வாந்தியும் பச்சையா எடுத்துகினு கீறாரு. ஒடனே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ.”

வந்த ஆட்டோவிலேயே இவரை மறுபடி ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். கருவிலேயே சுழன்று அமர வேண்டிய குடல் இவருக்குச் சரியாக அமரவில்லையாம். அவ்வப்போது முறுக்கிக்கொண்டு தானாகவே பிரிந்திருக்கிறது, இந்த முறை பிரியவில்லை என்றார் சர்ஜன். வலி இல்லாத நாளில் எடுத்த ஸ்கேனில் அது தப்பியிருக்கலாமாம். குடல் கறுத்திருந்தால் வெட்ட வேண்டும், உயிருக்கு உத்தரவாதம் தர முடியாது என்று கையெழுத்து வாங்கினார். ஆபரேஷன் முடியும்வரை நான் கும்பிடாத சாமி இல்லை.

பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் வார்டில் வைத்து, சர்ஜன் சொன்னதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவரின் கண் கலங்கியது.

“அப்போ நான் நடிக்கலை, இல்ல?”

இல்லைங்க என்றேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.