மகள் வயிற்றுப் பேத்தி

உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் கல்யாணத்தைத் தவிர வேறு ஏதாவது உறவு உண்டா என்று விசா விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. பக்கத்தில் உண்டு, இல்லை என்று இரண்டு கட்டங்கள். நான் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

உண்டு என்பதுதான் உண்மை. அவர் என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, எனக்குத் தாய்மாமன். மதுரைக்கு மேற்கே எங்கள் ஆட்களில் இதையெல்லாம் யாரும் ஒரு விஷயமாகவே பேச மாட்டார்கள். "மாமனத்தான் கட்டியிருக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். கர்ப்பமாக இருந்தபோது ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா மட்டும்தான் "சொந்தத்துலயா?" என்று கேட்டுவிட்டு ஒரு நிமிடம் அதிகமாகத் திரையைப் பார்த்தார். அந்த ஒரு நிமிடம் எனக்கு உயிர் போய் வந்தது. பிள்ளை நன்றாகப் பிறந்தாள். அதோடு அந்தப் பயம் முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

கணவர் வெளிநாட்டு ஃபேக்டரி ஒன்றில் மெஷின் பராமரிப்பு வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. எந்த நாடு என்று எழுத மாட்டேன். அந்த விண்ணப்பத்தால் வந்த பயம் இன்னும் முழுசாக விட்டுப்போகவில்லை. அவர் போகும்போது மகளுக்கு ஒரு வயது. நான்கு வயதில் அவளுக்கு அப்பா என்றால் செல்போனில் தெரியும் முகம்தான். யாருடைய போன் அடித்தாலும் "அப்பாவா?" என்று கேட்பாள். குடும்பத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்று அனுமதி வந்ததும் காளவாசல் பக்கம் ஒரு மாடியில் விசா வேலை பார்த்துக் கொடுக்கிறவரிடம் போனேன்.

அந்த மனிதர்தான் கேள்வியைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "தங்கச்சி, அவங்க ஊர்ல சித்தப்பா, தாய்மாமன் எல்லாம் ஒண்ணுதான். நம்ம முறையெல்லாம் அவங்களுக்கு விளங்காது. கல்யாணமே செல்லாதும்பாங்க. பேசாம இல்லைன்னு போட்டுருங்க" என்றார்.

கல்யாணமே செல்லாது. அந்த வார்த்தை மண்டைக்குள் போனதும் எனக்கு யோசிக்கிற புத்தி போய்விட்டது. பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறவள் நான். ஒரு ஃபாரத்தில் பொய் எழுதினால் என்ன ஆகும் என்று தெரியாதவள் இல்லை. தெரிந்தேதான் எழுதினேன். அங்கே கணவரும் தன் ஃபாரத்தில் அப்படியே எழுதினார்.

கல்யாணம் நடந்ததற்கு ஆதாரமாகக் கல்யாணப் பத்திரிகையையும் வைக்க வேண்டும் என்றார்கள். வைத்தோம். தமிழில் இருந்ததை ஒருவரிடம் கொடுத்து இங்கிலீஷில் மாற்றி, முத்திரை குத்தி வைத்தோம். எல்லாவற்றையும் அனுப்பிப் பத்து நாள் கழித்து, பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு இடைவேளையில், அந்த மொழிபெயர்ப்பைச் சும்மா போனில் திறந்து பார்த்தேன்.

எங்கள் பத்திரிகையை அடித்தவர் என் அம்மாவின் அப்பா. பெண் வீடு, மாப்பிள்ளை வீடு இரண்டுக்கும் அவர்தானே பெரியவர்? அதனால் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, "எனது இளைய குமாரனுக்கும் எனது மகள் வயிற்றுப் பேத்திக்கும்" என்று பெருமையாக அச்சடித்திருந்தார். ஊர் முழுக்க அதை வாங்கிப் படித்தது. ஒருத்தர் கண்ணிலும் அது உறுத்தவில்லை. எனக்கும் உறுத்தவில்லை. இங்கிலீஷில் படித்தபோதுதான் அதில் என்ன இருக்கிறது என்று விளங்கியது. ஒரே ஆள், தன் மகனுக்கும் தன் மகளுடைய மகளுக்கும் கல்யாணம் என்று எல்லாரையும் கூப்பிடுகிறார். ஒரு பக்கம் உறவே இல்லை என்று சத்தியம், இன்னொரு பக்கம் முத்திரை குத்திய சாட்சி. இரண்டையும் ஒரே கவரில் வைத்து அனுப்பிய மகாபுத்திசாலி நான்தான்.

டிபன் பாக்ஸை மூடிவிட்டேன். மத்தியானம் ஆறாம் வகுப்புக்குப் போனேன். என்ன நடத்தினேன் என்று இன்றுவரை தெரியாது.

சாயங்காலம் கணவருக்குப் போன் போட்டு விவரத்தைச் சொன்னேன்.

"கம்முன்னு இரு. அம்புட்டுப் பேப்பரையும் எவன் உக்காந்து படிக்கப் போறான்?"

"படிக்கத்தான மாமா குடுத்திருக்கோம்."

"இப்ப என்னைய என்ன செய்யச் சொல்ற?" என்று கத்தினார். அவர் என்னிடம் கத்துகிற ஆளே இல்லை. பயந்துபோயிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. பொய் சொன்னது தெரிந்தால் எனக்கு விசா மறுப்பதோடு விடமாட்டார்களாம், அவரையும் திருப்பி அனுப்பிவிடலாமாம். கூட வேலை பார்க்கிற ஒருவர் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் நாள் என்று கணக்கில் வைப்பதில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை இமெயிலைப் பார்ப்பேன். பேங்க்கிலிருந்து மெசேஜ் வந்தால்கூட அதுதானோ என்று எடுத்துப் பார்ப்பேன். மகள் தன் துணியையெல்லாம் எடுத்து ஒரு பையில் திணித்துவைத்துக்கொண்டு "எப்ப போறோம்?" என்று கேட்பாள். ஒரு நாள் அவளை அடித்துவிட்டேன். அவள் அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவி, நான்தான் அழுதேன்.

அம்மாவிடம் அதுவரை சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. பரவை மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்த கத்தரிக்காயைக் கூடையில் கொட்டிக்கொண்டே கேட்டாள். கடைசியில், "நான் அவனுக்கு அக்கா இல்லைன்னு எழுதிக் குடுத்துரவா?" என்றாள்.

"என்னம்மா பேசுற?"

"சின்னப் பிள்ளையில எடுத்து வளத்தேன்னு சொல்லிருவோம். கூடப்பொறந்தவன் இல்லைன்னு. ஸ்டாம்பு பேப்பர்ல எழுதிக் குடுத்தா ஒத்துக்கிருவாங்களா?"

தம்பிக்கு ஒன்பது வயதில் காமாலை வந்தபோது இடுப்பில் தூக்கிக்கொண்டு கீழக்குயில்குடியிலிருந்து நடந்தே ஆஸ்பத்திரிக்கு வந்தவள் அவள். இன்றைக்கும் அவர் போனில் "அக்கா" என்று கூப்பிட்டால், மாப்பிள்ளையாச்சே என்று ஒரு நிமிடம் முந்தானையைச் சரிசெய்துவிட்டு, "என்னடா" என்பாள். அப்படிப்பட்டவள், என் தம்பி இல்லை என்று எழுதிக் கொடுக்கிறேன் என்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அம்மா மேல் இல்லை. அந்தக் கட்டத்தின் மேல், அந்த மாடிக்காரர் மேல், எல்லாவற்றையும்விட என் மேல்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு விசா ஆபீசுக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன். இந்தக் கேள்விக்கு நான் பொய்யான பதில் எழுதினேன், அவர் என் தாயின் தம்பி, எங்கள் பக்கம் இது வழக்கம், இங்கே சட்டப்படி பதிவு செய்த கல்யாணம், பயத்தில் மறைத்தேன். அவ்வளவுதான் எழுதினேன். அனுப்புகிற பட்டனில் விரலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. அனுப்பின பிறகுதான் அவரிடம் சொன்னேன். "நீ அனுப்பிட்டேல்ல, வாரது வரட்டும்" என்றார். குரல் சரியில்லை.

மூன்று வாரம் கழித்துச் சென்னைக்கு நேரில் வரச் சொல்லித் தகவல் வந்தது. அம்மாவும் மகளும் கூட வந்தார்கள். அவர்களை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, பக்கத்தில் தமிழ் பேசுகிற ஒருவர். அவர்கள் முன்னால் அந்தப் பத்திரிகையும் என் கடிதமும் இருந்தன.

"ஏன் முதலில் இல்லை என்று எழுதினீர்கள்?"

"பயந்து எழுதினேன்."

"எதற்குப் பயம்?"

"கல்யாணம் செல்லாதுன்னு சொல்லிருவீங்கன்னு."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். அடுத்த கேள்வியைத் தமிழ்க்காரர் மெதுவாகச் சொன்னார். "இந்தக் கல்யாணம் உங்கள் விருப்பமா? வேண்டாம் என்று சொல்ல உங்களால் முடிந்திருக்குமா?"

நான் பிறந்த அன்றைக்கே இவள் அவனுக்குத்தான் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். காதுகுத்துக்கு அவர் மடியில்தான் உட்காரவைத்தார்கள். அம்மா கேட்டதில்லை, அப்பா கேட்டதில்லை. ஊரில் ஒருத்தர் கேட்டதில்லை. பேசாமல் இருந்தால் தப்பாக எடுத்துக்கொள்வார்களே என்று பயம் வந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கையில் அவர் பைக்கை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். முகத்தைப் பார்க்காமல், "ஏத்தா, உனக்குப் பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிரு. எனக்குத்தான் பிடிக்கலைன்னு அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன். உம் மேல பேச்சு வராது" என்றார். நான் இரண்டு நாள் டைம் கேட்டேன். மூன்றாம் நாள் சரி என்றேன்.

அதை அப்படியே சொன்னேன். "கேட்டது அவர் ஒருத்தர்தான். ஆமா, என் விருப்பந்தான்" என்றேன். அந்த அம்மா எழுதிக்கொண்டார். போகலாம் என்றார்.

வெளியே வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிக் கேள்வியைச் சொன்னபோது அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மதுரை வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

ஏழு வாரம் கழித்துக் கூரியரில் பாஸ்போர்ட்டுகள் வந்தன. இரண்டிலும் விசா ஒட்டியிருந்தது. அங்கே சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. செல்லும் என்று முடிவு செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அம்மா பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தாள். எழுத்துத் தெரியாதவள் இல்லை, ஆனால் அதைப் படிக்கவில்லை.

"அன்னைக்கு அந்தம்மா கேட்டதுக்கு ஆமான்னு சொன்னியே" என்றாள். "அது விசாவுக்காகச் சொன்னதா?"

இத்தனை வாரமும் இவள் சரியாகச் சாப்பிடாததை நான் விசா கவலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"வெறும் விசாவுக்குன்னா, கல்யாணம் செல்லாதும்பாங்களோன்னு நான் இம்புட்டுப் பயந்திருக்க மாட்டேம்மா" என்றேன்.

அவள் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "அவனுக்குப் போனைப் போடு" என்றாள்.