அம்மாவின் கடைசி நேயர்

மகள் இருமியதும் பதறி, மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் காய்ச்சினேன். அந்த மணத்தில் அம்மா நினைவுக்கு வந்தாள். உள்ளூர் வானொலியில் நேயர்களுடன் பேசும் நிகழ்ச்சிக்காக அதைக் குடித்துக் குரலைக் காத்தவள், வீட்டில் என்னிடம் சைகையில்தான் பேசுவாள். கடையம் ஊரிலிருந்து அழைக்கும் முகம் தெரியாத பிள்ளையிடம், "சாப்டியா ராசாத்தி?" என்று அவள் குழையும்போது எனக்கு வயிறு எரியும்.

அவள் நிகழ்ச்சியிலிருந்து விடைபெற்ற நாளில், குற்றாலத்தில் அன்றிருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து நானும் நேயராக அழைத்தேன்.

"ஏட்டி, நீயா? போனை வையி. நேயர்லாம் காத்துக் கெடக்காவல்லா!"

அவளுடன் நிகழ்ச்சி நடத்தும் அண்ணாச்சி சிரித்தார்.

அடுத்து அழைத்த ராயகிரிப் பெண் அழ, அம்மாவும் சேர்ந்து அழுதாள். பூத்துக்காரரின் ரேடியோவில் கேட்டுக்கொண்டு நின்றேன். அந்தப் பெண்ணை நான் இன்னும் மன்னிக்கவில்லை.