நோகாத இடத்தில் போட்ட ஊசி

சலரோகக்காரருக்கு ஊசி காட்டிக் கொடுக்கிற வேலையில், அவர்கள் ஊசிக்குப் பயப்படுவதைவிட நாங்கள் அவர்களுடைய சொந்த யோசனைகளுக்குத்தான் கூடப் பயப்படவேண்டும்.

எழுபதுகளில் பட்டம் பெற்று ஆசிரிய நியமனத்துக்காகக் காத்திருந்த காலத்தில், திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு டொக்டரின் டிஸ்பென்சரியில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் கண்ட முதல் ஆள் நான். அப்பா எல்லாரிடமும் "மகன் டொக்டர் மாதிரித்தான்" என்று சொல்லித் திரிந்தார். நான் செய்தது ஆட்களை நிறுப்பது, சலத்தை, அதாவது சிறுநீரை, நீல மருந்தோடு காய்ச்சிப் பார்ப்பது, இன்சுலின் ஊசி போடப் பழக்குவது. காய்ச்சிய குழாய் நீலமாகவே இருந்தால் நல்லது. செங்கல் நிறமானால் சீனி கூடிவிட்டது. வீட்டில் ஒரு சலரோகக்காரரையாவது வைத்திருக்கும் வாசகர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை.

முதல் கதையை நான் கண்ணால் காணவில்லை. எங்கள் கொம்பவுண்டர் கந்தையா அண்ணை சொன்னது. அவர் சொல்வதில் பாதியைக் கழிக்கவேண்டும். கழித்தபின் மிஞ்சியது இது.

ஐஸ் பெட்டி

ஒரு மீன் முதலாளிக்கு டொக்டர் இன்சுலின் எழுதி, குளிரான இடத்தில் வைக்கச் சொன்னார். வீட்டில் பிரிட்ஜ் இல்லாதவர்களுக்கு, ஈரமண் போட்ட முட்டிப் பானைக்குள் வைக்கச் சொல்வோம். முதலாளிக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. ஐஸ் பெட்டிக்குள், பாரை மீனுக்கும் சூரை மீனுக்கும் நடுவில் போத்தலைப் புதைத்துவிட்டார். இன்சுலின் உறைந்தால் சத்துப் போய்விடும். அவர் தினமும் அதை உருக்கி, ஒழுங்காகக் குத்திக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் தொப்பை காணாமற் போனது. பெல்ட்டுக்குப் புதிதாக மூன்று ஓட்டை போட்டுக்கொண்டு, மருந்து நல்லாய்ப் பிடித்துவிட்டதென்று சந்தோஷமாக வந்தார். குழாயோ சுட்ட செங்கலாகச் சிவந்தது. இன்சுலின் இல்லாத உடம்பு சீனியைப் பாவிக்க முடியாமல், சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்துத் தின்கிறது என்று அண்ணை விளங்கப்படுத்தினார். முதலாளி நம்பவில்லை.

"மீனே பழுதாகாத இடத்தில மருந்து எப்பிடி ஐயா பழுதாகும்?"

காவல்காரன்

இது நான் கண்டது. பாலையூற்றிலிருந்து வரும் கமலாக்கா தையல்காரி. முதலில் வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தா. இன்சுலின் தொடங்கி நாலு மாதத்தில் அளவு நாடாவோடு வந்து, என் மேசையில் அடித்தா.

"தம்பி, மூண்டு தரம் சட்டையைப் பிரிச்சுத் தைச்சிட்டன். இனிப் பிரிக்கத் துணி இல்லை. நீங்கள் தாறது மருந்தோ, கொழுப்போ?"

படித்ததை எல்லாம் ஊருக்கு ஏற்றபடி சொன்னேன். துறைமுக வாசலில் நிற்கிற காவல்காரன் மாதிரித்தான் இன்சுலின். சாமானை உள்ளே விடுவான்; வெளியே கொண்டுபோக விடமாட்டான். முந்தி அவன் இல்லாதபடியால் உங்கள் கொழுப்பெல்லாம் களவு போனது. தின்ற சீனியும் சலத்தோடு போனது. இப்போது எல்லாம் உள்ளே நிற்கிறது. நல்ல உவமை என்று எனக்கே பெருமையாக இருந்தது. கமலாக்கா நாடாவைச் சுருட்டிக்கொண்டே யோசித்தா.

"அப்ப கலியாண வீடு வாற கிழமை மட்டும் அந்தக் காவல்காரனுக்கு லீவு குடுத்தால் என்ன?"

மெத்தை

லீவு கொடுக்கக்கூடாதென்று அவவுக்கு விளங்கப்படுத்த ஒரு பின்னேரம் போனது. அடுத்த நாளே கிண்ணியாவிலிருந்து ஹமீது காக்கா வந்தார். நெல் வியாபாரி; அங்கே மூத்த ஆண்களைக் காக்கா என்றுதான் அழைப்பார்கள். ஊசி தவறாதவர், சீனி தொடாதவர். ஆனாலும் குழாய் சிவந்துகொண்டே இருந்தது. இருபது யூனிட்டில் தொடங்கிய டொக்டர் கூட்டிக் கூட்டி நாற்பதைத் தாண்டிவிட்டார்.

டொக்டர் அன்று வெளியே போயிருந்தார். "எங்க குத்துறீங்க, காட்டுங்கோ" என்றேன். சாரத்தைக் கொஞ்சம் இறக்கினார். தொப்புளுக்கு வலப்பக்கத்தில் பாதித் தோடம்பழம் அளவில் மெத்தென்று ஒரு கொழுப்புத் திரட்சி. ஒரு வருடமாக அதே இடம்! இனித் தொடையில் போடுங்கோ என்று சொல்லி அனுப்பினேன். டொக்டர் கண்டுபிடிக்காததை நான் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷப் புளுகம். அவர் மனமில்லாமல் அந்த மெத்தையைத் தடவிக்கொண்டு போனார்.

"நோவாத எடம் ஒண்டு இரிக்கக்குள்ள நோவுற எடத்துல குத்த நான் என்ன விசரனா, மகன்?"

பாதையில்

வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவையைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம். மூன்றாம் நாள் காலை ஒரு நண்பனைப் பார்க்கக் கிண்ணியாப் பாதையில் ஏறினேன். ஹமீது காக்காவும் நின்றார். கடற்காற்றிலும் அவருக்குச் சேட் நனைந்திருந்தது. பாதை பின்பக்கமாகப் போகிறதென்று பாதைக்காரனோடு சண்டை பிடித்தார். சனம் சிரித்தது. எனக்கு மட்டும் விஷயம் விளங்கியது. அவர் தொடையில் போட்டது, மெத்தைக்குள் பாதி முடங்கிக் கிடந்த மருந்துக்காகக் கூட்டிய அளவு. நல்ல தொடையில் முழுக்க இரத்தத்துக்குப் போய், சீனியை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டது. நான் இடத்தை மாற்றினேன், அளவை மறந்துவிட்டேன். இப்போது சீனி கொடுக்காவிட்டால் ஆள் கரை சேரமாட்டார்.

பக்கத்தில் ஒரு பெண் கூப்பனுக்குக் கிடைத்த பங்கீட்டுச் சீனியைக் கடதாசிச் சரையில் சுற்றி மடியில் வைத்திருந்தா. கேட்டு வாங்கி நீட்டினேன். அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். "சீனி ஹறாம் மாதிரி எண்டு நீங்கதான் சொன்னீங்க!" அப்படி அவருக்குச் சொன்னது நான்தான். அதற்குள் இரண்டு பேர் என் கையைப் பிடித்துவிட்டார்கள். "சலரோகக்காரனுக்குச் சீனி தீத்துறான், ஊட்டியே கொல்லப் போறான்!"

"நான்தான் இவருக்கு ஊசி காட்டிக் குடுத்தவன்! பிழை என்ர! விடுங்கோ!" என்று கத்தினேன். அவ்வளவு பேருக்கு முன்னால் பிழையை ஒத்துக்கொண்டவனைப் பார்த்ததில்லையோ என்னவோ, கையை விட்டார்கள். ஒரு பிடி சீனியைக் கன்னத்துக்குள் அடக்கினேன். பிறகு இன்னொரு பிடி. மறுகரையில் பாதை தட்டியபோது அவருக்குக் கண் தெளிந்தது. என்னைப் பார்த்தார், வெறும் சரையைப் பார்த்தார்.

"ஒரு வருசமா திங்காத சீனிய ஒரே நாள்ல தீத்திட்டீங்களே, மகன்!"

டொக்டரின் கதிரைக்கு முன்னால்

நான் சொல்லாவிட்டால் டொக்டருக்குத் தெரியவராது. சொன்னால் வேலை போகலாம். அப்பாவின் மானமும் போய்விடும். இருந்தாலும் காக்காவுக்கு அளவைக் குறைக்கவேண்டியவர் டொக்டர்தானே? அன்று மத்தியானமே போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காக்காவின் அட்டையில் நாற்பத்தைந்தை வெட்டி முப்பது என்று எழுதினார்.

"ஒரு வருசமா அந்த ஆளின்ர வயித்தைத் தொட்டுப் பார்க்காத எனக்கு முதல்லை லீவு குடும்; பிறகு உம்மை யோசிப்பம்."

பிறகு அவருடைய அலுமாரியில் இருந்த தடித்த புத்தகத்தில் தேடிப் பார்த்தேன்: ஒரே இடத்தில் விழும் இன்சுலின் அந்த இடத்துக் கொழுப்பை வளர்க்கும், வளர்ந்த கொழுப்பு மருந்தை ஒழுங்காக விடாது, இடம் மாற்றினால் அளவைக் குறைத்துப் பார்க்கவேண்டும் என்று மூன்றே வரியில் இருந்தது, அதை வாசித்து முடிக்க எனக்கு ஒரு பட்டமும் ஒரு சரை கூப்பன் சீனியும் தேவைப்பட்டன.