வரிக்குக் கீழே ஓர் அடிக்கோல்

ஓரடி நீளமுள்ள மர அடிக்கோல் ஒன்று என் பையில் கிடக்கிறது. ஒன்று முதல் நான்கு வரை எண்கள் தேய்ந்து மறைந்துவிட்டன. ஒரு முனை கறுத்திருக்கிறது. மைக்கறையா வேறேதாவதா என்று தெரியாது, கேட்கவும் இல்லை. ஒரே இடத்தில் இரண்டு வருடம் தொடர்ந்து இருந்தவன் அல்ல நான். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டு ஓடிப்போய், பெங்களூரில் ஓட்டல் வேலை, ஆந்திராவில் கதிர் அறுக்கும் வண்டியில் உதவியாள், செங்கல் சூளை, திருப்பூரில் துணி மடிப்பது என்று சுற்றியிருக்கிறேன். இடம் மாறும்போதெல்லாம் பையிலிருந்து ஏதாவது குறைந்துவிடும். போர்வை போயிருக்கிறது, செருப்பு போயிருக்கிறது, ஒரு முறை ரேஷன் கார்டே போயிருக்கிறது. இந்த அடிக்கோல் மட்டும் போகவில்லை. இது என்னுடையதும் இல்லை. டீச்சருடையது.

திருப்பூரில் பிளக்ஸ் போர்டு அடிக்கும் இடத்தில் தமிழ் டைப்பிங் பழகியிருந்தேன். அதை வைத்து விழுப்புரத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டிடிபி கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, இவைதான் அங்கே வேலை. இறந்தவர்களுக்கு அடைமொழி போடுவதில் எனக்குக் கை நன்றாகப் பழகியிருந்தது. அப்படி இருக்கும்போதுதான் டீச்சர் வந்தார். திண்டிவனத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபது வயது. பஸ்ஸில் வந்து இறங்கிய வியர்வையோடு, துணிப்பையிலிருந்து மூன்று இங்கிலீஷ் புத்தகங்களையும் எட்டு நோட்டுகளையும் எடுத்து மேஜை மேல் வைத்தார்.

மூன்று புத்தகங்களும் ருவாண்டாவைப் பற்றியவை. வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் தங்கை மகள் அனுப்பியவை என்றார். அந்த நாட்டில் ஒரே மேட்டில் வீடு வைத்திருந்தவர்கள், ஒரே தண்ணீரை மொண்டவர்கள், தொண்ணூற்று நாலாம் வருஷம், மூன்றே மாதத்துக்குள், பக்கத்து வீட்டுக்காரர்களைத் தேடித் தேடி வெட்டிக் கொன்றிருக்கிறார்கள். ரேடியோவில் ஆள் பெயர் சொல்லி, கரப்பான்பூச்சி என்று சொல்லி ஏவியிருக்கிறார்கள். தப்பித்தவர்கள் பிற்பாடு சொன்னதுதான் புத்தகம். மூன்றில் ஒன்றை டீச்சர் நோட்டில் முழுக்கத் தமிழாக்கி வைத்திருந்தார். ஏற்கெனவே இரண்டு இடத்தில் கையெழுத்து புரியவில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

ஓனர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்கியோ ஆப்பிரிக்காவுல வெட்டிக்கினாங்கன்னா, நம்மூர்ல எவன் டீச்சர் வாங்கிப் படிப்பான்?" என்றார்.

"தூரமா இருந்தாதான் படிப்பாங்க," என்றார் டீச்சர்.

ஓனர் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, டீச்சருக்கு வீடு திண்டிவனம், சொந்த ஊர் மயிலத்துக்கு மேற்கே என்று சொல்லி, காலனி என்று சேர்த்தே ஊர்ப் பெயரையும் சொன்னார். அது என் ஊர். அவர் பிறந்தது காலனியில். நான் பிறந்தது ஊர்த்தெருவில். நடுவில் ஒரு வாய்க்காலும் ஒரு புளியமரமும். டீச்சர் என்னைப் பார்த்து, "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். பக்கத்தில் இருக்கும் கூட்டேரிப்பட்டு என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. நெருப்பைத் தொட்ட கை தானாக இழுத்துக்கொள்வதுபோல வந்துவிட்டது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்த தேதி எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. "காலனி எரிஞ்சுதே, அதுக்கு அடுத்த வருசம் பொறந்தவன்" என்றுதான் அம்மா கணக்குச் சொல்லுவாள். மழை பெய்த வருஷம் என்று சொல்வதுபோலச் சொல்லுவாள். ஊர்த்தெரு ஆண்கள் திரண்டு போய்க் காலனிக்குத் தீ வைத்தார்கள். ஒருவர் செத்துப்போனார். போலீஸ் வந்தது, கேஸ் ஆனது, பிறகு கேஸ் என்ன ஆனதென்று யாரும் பேசவில்லை. கூட்டத்தில் என் அப்பாவும் போனார். எனக்கு விவரம் தெரிந்த வயதில் ஒருமுறை கேட்டேன். "எல்லாரும் போனாங்க, நானும் போனேன்," என்றார். அத்தோடு சரி. நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

வாரத்துக்கு இரண்டு நாள் டீச்சர் வருவார். நான் அடித்து வைத்திருக்கும் பக்கங்களைப் பிரிண்ட் எடுத்து நான் உரக்கப் படிக்க வேண்டும். அவர் தன் நோட்டில், அந்த வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்துப் பார்த்துக்கொண்டே வருவார். கமா, புள்ளி, பத்தி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். புரூப் பார்க்க அதுதான் சரியான முறை என்பார். ஒரு சொல் விட்டுப்போனால் அடிக்கோல் நின்றுவிடும். "ஒரு வார்த்த உட்டுட்ட," என்பார். கோபம் இருக்காது. நான் குறித்துக்கொண்டதும் அடிக்கோல் அடுத்த வரிக்கு இறங்கும்.

அப்படிப் படிப்பது பழகிவிட்டது. ஒரு பெண் பிள்ளைகளோடு சதுப்பில் கழுத்தளவுத் தண்ணீரில் ஒளிந்திருந்ததை, பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் குறைந்ததை, கமாவும் புள்ளியும் போட்டுப் படித்தேன். ஓனர் பக்கத்தில் உட்கார்ந்து யாருக்கோ போனில் மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகைக்கு டிசைன் சொல்லிக்கொண்டிருப்பார். சதுப்பில் நின்ற புல்லுக்கு நம் பக்கம் என்ன பேர் சொல்வது என்று டீச்சர் கேட்டார். கோரை என்றேன். எழுதிக்கொண்டார். பிறகு, சோறு ஆறிவிட்டது என்று சொல்வதுபோல, "நாங்க கரும்புக் கொல்லையில ரெண்டு நாள் இருந்தோம்," என்றார். அப்போது அவருக்குப் பதிமூன்று வயது. வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவர் கையிலிருந்த இதே அடிக்கோலோடு ஓடியிருக்கிறார். கட்டிப் போட்டிருந்த மாட்டை அவிழ்த்துவிடத் திரும்பிப் போன அண்ணன் வரவே இல்லை. "மாடு வந்துச்சி," என்றார். அடிக்கோலை அடுத்த வரிக்கு இறக்கினார். நான் படிக்க வேண்டியிருந்தது. படித்தேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் நோட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ, மூன்றாவது இடத்திலும் புத்தகம் நின்றுவிடுமோ என்று பயந்தேன். அது அவருக்காகப் பட்ட பயமா, எனக்காகவா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. சொல்லாமல் அந்தப் பக்கங்களை அடிப்பதும் முடியாததாகிக்கொண்டே வந்தது. சூளையில் சுடு செங்கல் தூக்கியிருக்கிறேன், கை கொப்புளித்தால் துணி சுற்றிக்கொண்டு தூக்கலாம். இதற்கு என்ன சுற்றிக்கொள்வது என்று தெரியவில்லை.

கடைசிக்கு முந்தின அத்தியாயம் தப்பித்தவர் சொன்னது இல்லை. வெட்டியவன் சொன்னது. ஜெயிலில் இருந்து, குற்றத்தை ஒப்புக்கொண்டு, புல்தரையில் ஊர் கூடி நடத்திய விசாரணையில் பேசியிருக்கிறான். முதல் நாள் சதுப்பில் ஒளிந்திருந்த அந்தப் பெண்ணின் வீட்டில் சோளக் கள் குடித்ததையும் மறுநாள் அங்கே வெட்டுக்கத்தியோடு போனதையும் சொல்லியிருந்தான். அடிக்கும்போது விரல் அதுபாட்டுக்கு ஓடிவிட்டது. உரக்கப் படிக்கும்போதுதான் மாட்டிக்கொண்டேன். எல்லாம் 'நான்' என்று வரும். என் குரலில் வரும்.

"எல்லாரும் போனார்கள் கமா நானும் போனேன் புள்ளி," என்று படித்தேன்.

அங்கே நிறுத்திவிட்டேன். வெளியே ரிவர்ஸ் எடுக்கும் பஸ் ஒன்றுக்கு வழி சொல்ல யாரோ அதன் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் நோட்டிலிருந்து தலை தூக்கவில்லை. அடிக்கோல் அந்த வரியிலேயே இருந்தது.

"டீச்சர், நான் கூட்டேரிப்பட்டு இல்லங்க," என்றேன். என் ஊர்ப் பெயரைச் சொன்னேன். "ஊர்த்தெருங்க," என்றேன்.

அடிக்கோலைப் பிடித்திருந்த விரல் கொஞ்சம் வெளுத்தது. அவ்வளவுதான் நான் பார்த்தது.

"படிப்பா," என்றார். "வரி போய்டும்."

படித்தேன். அத்தியாயம் முடியும்வரை படித்தேன். நாலு பிழை கண்டுபிடித்துத் திருத்தினார். வழக்கம்போல இரண்டரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார். மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வதா, வேலை முடியட்டும் என்று பொறுத்துக்கொண்டார் என்று எடுத்துக்கொள்வதா, இல்லை முதல் நாளே முகஜாடையில் கண்டுபிடித்துவிட்டாரா? அப்பாவின் மூக்கு எனக்கு அப்படியே இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள்.

அந்த வாரம் ஊருக்குப் போனேன். வருஷத்துக்கு ஒருமுறை போனால் பெரிது. அப்பா வாசலில் உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து உரித்தேன். பையிலிருந்து அந்த அத்தியாயத்தின் பிரிண்டை எடுத்து, எங்கோ தூர தேசத்துக் கதை என்று சொல்லி, கமா புள்ளி இல்லாமல் படித்துக் காட்டினேன். உரிப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் போனார்கள், நானும் போனேன் என்கிற இடத்தில் நான் வேண்டுமென்றே நிறுத்தினேன். அப்பாவிடம் ஒரு மாற்றமும் இல்லை.

"எத்தினி வருசம் உள்ள இருந்தான்?" என்று கேட்டார். சொன்னேன்.

"அப்புறம் வூட்டுக்கு வந்துட்டானா?"

"வந்துட்டான். அதே மேட்டுலதான் இருக்கான்."

இன்னொரு கை மல்லாட்டையை அள்ளிக்கொண்டார். "அந்தப் பொம்பள அவங்கிட்ட பேசுதா?"

"உப்பு வாங்கற கடையில பாத்தா வணக்கம் சொல்லுதாம்."

அப்பா முறத்தைச் சாய்த்து ஊதினார். தோல் பறந்தது. "உன்ன யாரு இதெல்லாம் படிக்கச் சொன்னது?" என்றார். அதட்டலாக ஆரம்பித்த கேள்வி, முடியும்போது நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல இருந்தது. டீச்சர் யார் என்று நான் சொல்லவில்லை. எழுபது வயதுக்காரர் என்று இரக்கப்பட்டேனா, பயந்தேனா, அதுவும் தெரியவில்லை. அம்மா சோறு போடக் கூப்பிட்டாள். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

திரும்பி வந்தபோது டீச்சர் புதிதாக இன்னொரு நோட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதில் புத்தகத்தின் முதல் பக்கத்தில் போட வேண்டியது மட்டும் எழுதியிருந்தது. தமிழாக்கம் என்று எழுதி அவர் பெயர், அதற்கு நேராக ஊர்ப் பெயர். திண்டிவனம் இல்லை, பிறந்த ஊர். கீழே தட்டச்சு என்று எழுதி என் பெயர். அதற்கு நேராகவும் அதே ஊர்ப் பெயர். காலனி என்றோ ஊர்த்தெரு என்றோ இரண்டிலும் இல்லை. எங்கள் ஊரில் ஒரு கோயில் நோட்டீசிலும் நான் அப்படிப் பார்த்தது கிடையாது. டைப் செய்தேன். என் பெயரை அடித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். ஊரை அடிக்கவில்லை.

அடுத்த முறை டீச்சர் வந்து உட்கார்ந்தார். நான் படித்தேன். தமிழாக்கம், அவர் பெயர், கமா, ஊர், புள்ளி. தட்டச்சு, என் பெயர், புள்ளி.

அடிக்கோல் நின்றது.

"ஒரு வார்த்த உட்டுட்ட," என்றார்.

"இருக்கட்டுங்க டீச்சர்."

"இன்னா இருக்கட்டும்? நோட்டுல இருக்குது." அதே குரல்தான், மற்ற பிழைகளுக்கெல்லாம் வந்த குரல். நான் கீபோர்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். "உங்கப்பா இருக்காரா?"

"இருக்காருங்க."

"இந்த வருசம் மல்லாட்ட போட்டிருக்காரா?"

"போடப்போறாருங்க. விதைக்கு உரிச்சிக்கினு இருந்தாரு."

தலையாட்டினார். வேறு கேள்வி இல்லை. எந்த அப்பா என்று தெரிந்து கேட்டாரா, யாருடைய அப்பாவையும் கேட்பதுபோலக் கேட்டாரா, எனக்கு விளங்கவில்லை. அடிக்கோல் அந்த வரியிலேயே இருந்தது. நான் ஊர்ப் பெயரை அடித்தேன். படிக்கச் சொன்னார், படித்தேன். நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். அவர் பஸ் ஏறிப் போனபிறகுதான் மேஜையில் அடிக்கோல் கிடப்பதைப் பார்த்தேன்.

புத்தகம் அச்சாகி வந்தது. கடைக்கு எனக்கென்று ஒன்று தபாலில் அனுப்பியிருந்தார், உள்ளே ஒரு வரியும் எழுதவில்லை. அடிக்கோலைக் கொடுக்கத் திண்டிவனத்துக்குப் போனேன். வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். தங்கை மகளிடம் போய்விட்டார், திரும்பி வருவது தெரியவில்லை என்றார்கள். மறந்துவிட்டுப் போனாரா, வைத்துவிட்டுப் போனாரா என்று அவர்களிடம் எப்படிக் கேட்பது? தீக்குத் தப்பிய ஒரு பொருளை ஒருவர் மறந்துவிட்டுப் போவாரா என்பது ஒரு பக்கம். அதை எனக்கு எதற்காகத் தர வேண்டும் என்பது இன்னொரு பக்கம். அந்த முதல் பக்கத்தில் என் பெயருக்கு நேராக ஊர் இருப்பது நன்றியா, சாட்சியா என்பதும் அப்படியேதான் இருக்கிறது. புத்தகத்தை ஊருக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்தேன். பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். இரண்டு பெயரையும் இரண்டுக்கும் நேராக இருந்த ஊரையும் விரல் வைத்துப் படித்தார். டீச்சர் பெயரில் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு புத்தகத்தை மூடி, கொடியில் காய்ந்த துண்டை எடுத்து அதைச் சுற்றி, பரணில் வைத்தார்.

டிடிபி கடையை விட்டு ஒரு வருஷமாகிறது. இப்போது கூட்டேரிப்பட்டில் ரோட்டோரப் பரோட்டாக் கடையில் கல்லுக்கு முன்னால் நிற்கிறேன். பின்னால் ஒரு அறை வாடகைக்கு. எந்த ஊர் என்று யாராவது கேட்டால், கூட்டேரிப்பட்டு என்று இப்போது பொய் இல்லாமலே சொல்லிவிடலாம். இதையெல்லாம் பரோட்டாவுக்கு மாவு ஊறும் மத்தியான நேரங்களில் நோட்டில் எழுதினேன். எழுதி முடித்து, பையிலிருந்து அடிக்கோலை எடுத்து, முதல் வரியிலிருந்து உரக்கப் படித்துக்கொண்டே வந்தேன். ஓனர் ஊர்ப் பெயரைச் சொன்னார், அது என் ஊர் என்று மட்டும் எழுதியிருக்கும் இடம் வந்தது. எண்கள் தேய்ந்த பக்கத்தை அந்த வரிக்குக் கீழே வைத்தேன். அங்கிருந்து அடிக்கோல் இன்னும் இறங்கவில்லை. ஒரு வார்த்தையை விட்டிருக்கிறேன்.