நாலு முதல் ஐந்து வரை

என் வீட்டுக்காரருக்குச் சாவி வெட்டும் கடை. இருபது வருடமாக ஊரில் உள்ள பூட்டெல்லாம் அவர் சொன்னபடி கேட்கிறது. நான் சொல்வது மட்டும் அவர் காதில் ஏறுவதில்லை. மூன்று மாதமாக அதற்கும் ஒரு கௌரவமான காரணம் கிடைத்துவிட்டது. இந்தக் கணத்தில் வாழ்வது எப்படி என்று யாரோ ஒரு பெரிய மனிதர் ஆற்றும் உரைகளை இயர்போனில் கேட்கிறார். பல் தேய்க்கும்போதும் கேட்கிறார், சாப்பிடும்போதும் கேட்கிறார். இந்தக் கணத்தில் எதிரே நான் நிற்கிறேன் என்பதை மட்டும் அந்தப் பெரிய மனிதர் இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அந்தப் பெரிய மனிதர் உபயத்தில் ஒரு சட்டமும் வந்தது. தினமும் நாலு முதல் ஐந்து வரை இவர் கடையிலேயே போனை அணைத்துவிட்டு, கண்ணை மூடி மனதை ஒருநிலைப்படுத்துவார். மீதி இருபத்து மூன்று மணி நேரமும் மனது எங்கே மேய்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் "ம்" என்பார்.

அன்று காலை அவர் முன்னால் போய் நின்றேன். "மார்புல இருந்த கட்டிய டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்கல்ல, இன்னைக்கு நாலு மணிக்கு ரிசல்ட். தனியா போகப் பயமா இருக்கு. நீங்களும் வந்துடுங்க."

"ம்" என்றவர் ஒரு புதுச் சாவியை நீட்டினார். போன வாரம் என் வீட்டுச் சாவி உடைந்துபோனதால் முந்தின நாள் கடையில் வெட்டியது. அந்த "ம்"மை நம்பி, இழுத்தால் தானே பூட்டிக்கொள்ளும் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். எனக்கு எப்போதுதான் புத்தி வரப்போகிறதோ.

நாலே கால் வரை ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். போன் அணைந்திருந்தது. இந்தக் கணத்தில் வாழப் போயிருந்தார். தனியாகவே உள்ளே போனேன். டாக்டர் சொன்னதை முதலில் சொல்ல வேண்டியவரிடம் சொல்லலாம் என்று வீட்டுக்கு வந்தால், புதுச் சாவி பூட்டுக்குள் பாதிதான் போனது. ஆஸ்பத்திரி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

ஐந்தேகாலுக்கு அவர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். ஒரு காதில் இயர்போன் இருந்தது. பின்னால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வயதான அம்மா ஒருவர்.

புதிதாக வெட்டிய சாவியை, மெஷினிலிருந்து எடுத்த கையோடு பழைய சாவியுடன் ரப்பர் பேண்டில் கட்டிவிட வேண்டும். அது அவர் தொழிலின் அரிச்சுவடி. இவரோ உரை கேட்ட சுவாரஸ்யத்தில் எனக்கு வெட்டியதையும் அந்த அம்மாவுக்கு வெட்டியதையும் வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கள் வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இரண்டு சாவியும் பார்வைக்கு லட்சணமாகத்தான் இருந்திருக்கும், எது யார் வீட்டைத் திறக்கும் என்பதுதான் சிக்கல்.

"இந்தம்மா சாவி உன்கிட்ட வந்துடுச்சு, குடு" என்றார். கொடுத்தேன். வாங்கியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாவியின் பல்லைப் பார்த்தார். அதை அந்த அம்மாவிடம் தந்துவிட்டு, கதவைத் திறக்கப் போனார்.

அந்த அம்மா சாவியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார், மடியிலிருந்த ஃபைலைப் பார்த்தார். மெல்ல என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

"தனியாவா போயிட்டு வந்த? என்னம்மா சொன்னாங்க?"

அதுவரை வராத அழுகை அப்போது வந்துவிட்டது. "பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்கம்மா" என்று, பெயர்கூடத் தெரியாத அவரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கதவைத் திறந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றார். காதிலிருந்த இயர்போனைக் கழற்றினார்.

"அது இன்னைக்கா?"

"ம்" என்றேன்.